முதல் நாளே 'வேண்டாம்' என்றவர்கள்

போரை எதிர்ப்பவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது செங்கொடி ஊர்வலம். அல்லது காந்தியவாதிகளின் உண்ணாநோன்பு. அல்லது கல்லூரி மாணவர்களின் கோஷம். கோட்டும் டையும் அணிந்து, ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போய், வரியைக் குறை, அரசாங்கத்தைச் சிறுக்க வை என்று வாழ்நாள் முழுக்கப் பேசி, கம்யூனிசம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற ஓர் அமெரிக்கக் கனவான், "அயல்நாட்டின் மீது படையெடுக்காதே" என்று தன் கட்சித் தலைவரையே எதிர்த்து நின்றார் என்றால் சட்டென்று நம்ப மாட்டோம். ஆனால் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் இருவர் அல்லர். ஒரு நீண்ட வரிசையே இருக்கிறது. அந்த வரிசையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நம் மலரில் இதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். சிலர் அங்கே வாக்காளர்களாகவும் ஆகிவிட்டார்கள். இன்னொரு பாதி வளைகுடாவில். 1990-இல் குவைத்தில் போர் மூண்டபோது 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் அழைத்து வர வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் போர் என்பது நமக்குச் செய்தித்தாளின் உள்பக்கச் சமாச்சாரம் இல்லை. வீட்டுக்கு வரும் மணியார்டர் நின்றுபோகிற சமாச்சாரம். ஆகவே ஒரு பெரிய குடியாட்சி எப்படிப் போருக்குத் தலையாட்டுகிறது, பிறகு எப்படி மனம் மாறுகிறது என்று தெரிந்துகொள்வது நமக்கும் தேவைதான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'கன்சர்வேடிவ்' என்பதை நம் பத்திரிகைகள் 'பழமைவாதி' என்று எழுதுகின்றன. தமிழில் அந்தச் சொல்லுக்கு மூடப்பழக்கத்தை விடாதவர் என்ற நெடி வந்துவிட்டது. நான் இங்கே சொல்லும் பொருள் வேறு: அரசின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும், செலவுக்குக் கணக்கு வேண்டும், தலைமுறைகள் கட்டி வைத்ததை ஒரே நாளில் இடித்து மாற்ற முடியாது என்று நம்புகிறவர். வேறு நல்ல சொல் கிடைக்காததால் பழமைவாதி என்றே எழுதுகிறேன்.

ஓணானும் வேட்டியும்

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1796-இல் வெளியிட்ட விடைபெறும் உரையில், அயல்நாடுகளோடு நிரந்தரக் கூட்டணி வேண்டாம் என்று எச்சரித்தார். அளவுக்கு மீறிய படை வைத்திருப்பது குடியரசுக்கே ஆபத்து என்றும் சொன்னார். 1821 ஜூலை 4 அன்று, அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். உலகில் எங்கே விடுதலை மலர்ந்தாலும் அமெரிக்கா வாழ்த்தும். ஆனால் கொல்வதற்கு அரக்கர்களைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போகாது. போனால் உலகத்துக்கே எஜமானி ஆகலாம், தன் ஆன்மாவை இழந்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம்ம ஊர்ப் பாட்டிமார் இதையே, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு 'குடையுதே குடையுதே' என்று அழாதே என்பார்கள்.

வாக்கு ஒன்று, நடப்பு ஒன்று. 1898-இல் ஸ்பெயினோடு போர் செய்து வென்ற அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் தீவுகளை 2 கோடி டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது. தங்களுக்கு விடுதலை கிடைத்தது என்று நினைத்திருந்த பிலிப்பினோ மக்கள், எஜமானர் மட்டும் மாறியிருப்பதைக் கண்டு ஆயுதம் எடுத்தார்கள். அமெரிக்க மேலவையான செனட்டில் அந்த உடன்படிக்கை 1899 பிப்ரவரி 6 அன்று 57-27 என்ற கணக்கில், தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டு கூடுதலாகப் பெற்று நிறைவேறியது.

எதிர்த்தவர்கள் யார்? இருமுறை குடியரசுத் தலைவராக இருந்த க்ரோவர் கிளீவ்லண்ட்; அரசாங்கச் செலவைக் கண்டாலே கத்தரிக்கோலை எடுக்கும் சுபாவம் உள்ளவர். இரும்பு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி. கீழவையின் சபாநாயகரும் ஆளும் குடியரசுக் கட்சியின் பெருந்தலையுமான தாமஸ் ரீட். தன் கட்சி தீவு பிடிக்கப் போனது பொறுக்காமல் 1899-இல் பதவியை விட்டே போய்விட்டார். ஆனாலும் ஓட்டு ஓட்டுதான். அந்தப் போர் 1902 வரை நீண்டது. அமெரிக்கர் 4,200 பேருக்கு மேல் இறந்தனர். பஞ்சமும் நோயும் சேர்ந்து பலி கொண்ட பிலிப்பினோக் குடிமக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 2 லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது.

தந்தை ஆண்ட தீவு, மகன் சொன்ன மறுப்பு

அந்தப் பிலிப்பைன்ஸுக்கு 1901-இல் முதல் சிவில் ஆளுநராகப் போனவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். பின்னாளில் குடியரசுத் தலைவரும் ஆனார். அவரோடு மணிலாவில் சில ஆண்டுகள் வளர்ந்த மகன் ராபர்ட் டாஃப்ட், பின்னர் ஒஹையோ மாநிலத்தின் செனட்டர் ஆனார். குடியரசுக் கட்சியின் மறுபெயரே இவர்தான் என்னும் அளவுக்கு 1940-களில் செல்வாக்கு. தந்தை ஆண்ட தீவில் வளர்ந்த இந்த மகன்தான், கடல் கடந்த பொறுப்புகளை நாடு தலையில் ஏற்றிக்கொள்வதை விடாமல் எதிர்த்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை.

1949-இல் நேட்டோ உடன்படிக்கை செனட்டில் 82-13 என்று நிறைவேறியபோது, எதிர்த்த 13 பேரில் டாஃப்ட் ஒருவர். 1950 ஜூனில் ஹாரி ட்ரூமன் கொரியாவுக்குப் படை அனுப்பியபோது, சில நாள்களுக்குள் டாஃப்ட் செனட்டில் எழுந்து கேட்டார்: போர் தொடுக்கும் அதிகாரம் அரசியல் சட்டப்படி காங்கிரஸுக்கு (நம்ம ஊர்க் கட்சி இல்லை, அமெரிக்க நாடாளுமன்றம்) உரியது, அவையைக் கேட்காமல் தலைவர் எப்படிப் படை அனுப்பலாம்? கேட்டிருந்தால் ஆதரித்து ஓட்டுப் போட்டிருப்பேன் என்றும் சேர்த்தே சொன்னார். அவரை அகிம்சாவாதி என்று யாரும் எண்ண வேண்டாம். பிற்பாடு, கொரியாவில் இன்னும் கடுமையாகப் போரிட வேண்டும் என்ற தளபதி மெக்கார்தரின் பக்கம் நின்றவரும் அவரே.

ஆனால் அவர் கேட்ட கேள்வி நேர்மையானது. போர் வந்தால் வரி ஏறும், கடன் ஏறும், விலைக் கட்டுப்பாடு வரும், கட்டாய ராணுவச் சேர்க்கை வரும், தலைவரின் கை ஓங்கும்; போர் முடிந்த பிறகு இவற்றில் எதுவும் பழைய அளவுக்கு இறங்காது. சிறிய அரசு வேண்டும் என்பவன் பெரிய போரை எப்படி விரும்ப முடியும்? இதே காரணத்துக்காக 1947-இல் ட்ரூமனின் அயல்நாட்டு ராணுவ உதவித் திட்டத்தை எதிர்த்தவர்களில் நெப்ராஸ்கா மாநில உறுப்பினர் ஹோவர்ட் பஃபெட்டும் ஒருவர். பங்குச் சந்தைப் பக்கம் எட்டிப் பார்க்கும் நம் இளைஞர்களுக்கு அவர் மகன் வாரன் பஃபெட்டை நன்றாகவே தெரியும்.

மறைக்கக் கூடாத களங்கம்

இந்த வரிசையில் எல்லாமே புண்ணியம் என்று நான் சொல்ல வரவில்லை. 1899-இல் பிலிப்பைன்ஸை எடுக்காதே என்றவர்களில் சிலருக்குக் காரணம் நியாய உணர்வு அல்ல. மாநிறத்தவர் நம் குடிமக்கள் ஆகிவிடுவார்களே என்ற அருவருப்பு. 1940 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ 8 லட்சம் உறுப்பினரைச் சேர்த்த 'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' குழுவின் முகமாக இருந்த விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்க், 1941 செப்டம்பரில் பேசிய கூட்டத்தில் நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் என்று யூதர்களையும் சேர்த்துக் குற்றம் சாட்டினார். மூன்று மாதத்தில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது, குழு கலைந்தது. ஹிட்லரின் எதிரே நின்றுகொண்டு 'நமக்கேன் வம்பு' என்பது விவேகம் ஆகாது.

தன் வாசலுக்கு வந்தவனோடு போரிடுவது வேறு. அடுத்தவன் வாசலுக்குப் போய்ப் போரிடுவது வேறு. இந்த வேறுபாட்டை அந்தக் குழு குழப்பியது. அதன் பலன், அடுத்த அறுபது ஆண்டுகள் எந்தப் படையெடுப்பை யார் எதிர்த்தாலும் 'நீ லிண்ட்பெர்க் ஆள்' என்று ஒரே வார்த்தையில் வாயை அடைக்க முடிந்தது. டாஃப்ட் 1953-இல் மறைந்த பின், கம்யூனிச எதிர்ப்பே பழமைவாதிகளின் முதல் வேலை ஆயிற்று. வியட்நாம் போரில் அவர்களில் பெரும்பாலோர் போர்ப் பக்கமே நின்றார்கள்.

ஆதரவு கரையும் கணக்கு

இப்போது மக்கள் பக்கம் வருவோம். காலப் நிறுவனம் கொரியப் போர் தொடங்கிய 1950 ஆகஸ்டில் கேட்டபோது, இது தவறு என்றவர் நூற்றுக்கு 20 பேர். சீனப் படை உள்ளே நுழைந்த பின், 1951 ஜனவரியில் 49 பேர். வியட்நாமில் 1965 ஆகஸ்டில் 24 பேர்; 1968 ஆகஸ்டில் பாதிக்கு மேல்.

இதை ஆராய்ந்த ஜான் முல்லர் என்ற அறிஞர் 1973-இல் ஒரு கணக்குச் சொன்னார். இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தோர் தொகை பத்து மடங்கு ஆகும் ஒவ்வொரு முறையும் ஆதரவு சுமார் 15 புள்ளி இறங்குகிறது. அதாவது நூறு ஆயிரமாகும்போது எவ்வளவு சரிகிறதோ, பத்தாயிரம் ஒரு லட்சமாகும்போதும் அவ்வளவே சரிகிறது. முதல் சில சவப்பெட்டிகள் ஊரை உலுக்குகின்றன. பிறகு வருபவை எண்ணிக்கையாகிவிடுகின்றன. மகனை இழந்த வீட்டுக்கு அவன் எத்தனையாவது ஆள் என்பதா முக்கியம்? ஆனால் நாட்டின் மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

இந்தக் கணக்கில் நான் காண்பது ஒன்று. கரைந்து போவது ஆதரவு மட்டுமே. அதன் இடத்தில் தானாக ஒரு கொள்கை முளைப்பதில்லை. ஜெயிக்கவில்லையே என்ற சலிப்பும், போனதே தவறு என்ற தெளிவும் கருத்துக் கணிப்பில் ஒரே கட்டத்தில்தான் விழுகின்றன. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இராக் போரைவிட நல்ல சாட்சி கிடையாது.

263 பேரும் 7 பேரும்

2002 அக்டோபரில் இராக் மீது படை செலுத்த அதிகாரம் தரும் தீர்மானம் கீழவையில் 296-133, மேலவையில் 77-23 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியை மட்டும் தனியே எடுத்தால், இரு அவையிலும் ஆதரவு 263, எதிர்ப்பு 7. கீழவையில் ரான் பால், ஜான் டங்கன், ஜான் ஹோஸ்டெட்லர், ஜிம் லீச், அமோ ஹௌட்டன், கோனி மொரெல்லா. மேலவையில் லிங்கன் சேஃபி. இவர்களில் முதல் மூவர் அசல் பழமைவாதிகள். மற்றவர்கள் அக்கட்சியின் மிதவாதிகள்.

டெக்சாஸ் உறுப்பினரான ரான் பால் தொழிலால் மகப்பேறு மருத்துவர். அவையின் வெளியுறவுக் குழுவில் அவர் ஒரு காரியம் செய்தார். போர்தான் வேண்டுமென்றால் அரசியல் சட்டம் சொல்வதுபோல் முறையாகப் போர்ப் பிரகடனம் செய்யுங்கள் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதை நானே எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்றும் சொன்னார். பொறுப்பை ஏற்காமல் அதிகாரத்தை மட்டும் தலைவர் கையில் தள்ளிவிடாதீர்கள் என்பதே அவர் கோரிக்கை. குழுத் தலைவர் ஹென்றி ஹைட், சட்டத்தின் அந்தப் பகுதி காலம் கடந்துவிட்டது என்ற தோரணையில் பதில் சொல்லிவிட்டார். அரசியல் சட்டத்தைக் காப்பதே தம் தொழில் என்பவர் வாயிலிருந்து வந்த பதில் இது!

டென்னசியின் டங்கன் பணக்கணக்கு கேட்டார்: இவ்வளவு செலவும், இவ்வளவு பற்றாக்குறையும், ஒரு நாட்டையே புதிதாகக் கட்டும் அரசாங்க வேலையும் எந்த வகையில் பழமைவாதம்? நம் பழமொழியில், ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே. இங்கே அந்த ஊரான் இன்னும் பிறக்காத பேரப்பிள்ளை.

அவைக்கு வெளியிலும் குரல் இருந்தது. மூத்த புஷ்ஷின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ப்ரென்ட் ஸ்கௌக்ராஃப்ட், 2002 ஆகஸ்டில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் சதாமைத் தாக்க வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார். பாட் புக்கானன் அந்த ஆண்டே 'தி அமெரிக்கன் கன்சர்வேடிவ்' என்ற இதழைத் தொடங்கி எதிர்த்தார். பதிலுக்கு என்ன கிடைத்தது? 2003 வசந்தத்தில் 'நேஷனல் ரிவ்யூ' இதழில் டேவிட் ஃப்ரம் இவர்களைத் தேசப்பற்றில்லாத பழமைவாதிகள் என்று தலைப்பிட்டே எழுதினார். அப்போது பத்தில் ஏழு அமெரிக்கர் போர் சரியென்ற மனநிலையில் இருந்தார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றவன் கோழையாகத்தான் தெரிவான்.

பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 4,500-க்குச் சற்றுக் குறைவான அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். இராக்கியக் குடிமக்களில் பதிவானவை மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டும். 2006 பிப்ரவரியில் 'நேஷனல் ரிவ்யூ'வை நிறுவிய வில்லியம் பக்லியே இராக் முயற்சி பலிக்கவில்லை என்று எழுதிவிட்டார். 2008-இல் போர் சரி என்பவர் பத்தில் நான்கு பேராகக் குறைந்தார்கள்.

இனி நான் சொல்ல வந்த இடம். 2006 நவம்பர் தேர்தலில், போரின் கசப்பு முற்றி மக்கள் குடியரசுக் கட்சியைத் தண்டித்தார்கள். இரு அவைகளும் கைமாறின. அன்று தோற்றவர்களில் ஹோஸ்டெட்லர், லீச், சேஃபி மூவரும் உண்டு. முதல் நாளே வேண்டாம் என்ற ஏழு பேரில் மூவர், போரை எதிர்த்து எழுந்த அலையிலேயே அடித்துச் செல்லப்பட்டார்கள்! மொரெல்லா முன்பே தோற்றிருந்தார். ஹௌட்டன் ஓய்வு பெற்றுவிட்டார். அவையில் எஞ்சியது ரான் பாலும் டங்கனும். 2008-இல் அதே கட்சி குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்தியது போரின் உறுதியான ஆதரவாளர் ஜான் மெக்கெய்னை. அந்தப் போட்டியில் ரான் பால் கரை ஏறவில்லை. ஊர்க் கோபம் ஆளைப் பார்த்து வருவதில்லை.

11,000 கடிதங்கள்

மனம் மாறியவர்களில் ஒருவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ், பெரிய கடற்படை வீரர் முகாம் அமைந்த தொகுதிக்காரர். 2002-இல் போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். பிரான்ஸ் போரை எதிர்த்தது என்ற கோபத்தில், 2003-இல் நாடாளுமன்ற உணவு விடுதியில் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்' என்ற உருளைக்கிழங்கு வறுவலின் பெயரையே 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்ற வைத்தவர்.

அதே ஆண்டு தன் தொகுதியில் ஒரு வீரரின் இறுதிச் சடங்குக்குப் போனார். அதன்பிறகு இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட ஆரம்பித்தார். மறையும் வரை எழுதியவை 11,000-க்கும் மேல். 2005 ஜூனில் படையைத் திரும்ப அழைக்கும் தீர்மானத்தை எதிர்க்கட்சியினரோடு சேர்ந்து கொண்டுவந்தார். தன் ஓட்டு தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சிலர் ஏளனம் செய்யலாம். நான் செய்ய மாட்டேன். கருத்துக் கணிப்பைப் பார்த்து மாறியவர்கள் ஆயிரம். ஒவ்வொரு வீட்டு முகவரியையும் பார்த்து மாறியவர் இவர். அந்த ராணுவத் தொகுதியே 2019-இல் அவர் மறையும் வரை அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது.

2016 பிப்ரவரியில், ராணுவக் குடும்பங்கள் நிறைந்த தென் கரோலினாவில், குடியரசுக் கட்சி மேடையிலேயே இராக் போர் மாபெரும் தவறு என்றார் டொனால்ட் டிரம்ப். கூட்டம் கூச்சல் போட்டது. ஒரு வாரம் கழித்து அங்கே ஜெயித்தவரும் அவர்தான். சரி, இனிப் பாடம் படிந்துவிட்டது என்று தோன்றியது. 2025 ஜூனில் அவர் ஆட்சியிலேயே ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு விழுந்தது. அந்த நாள்களில் காங்கிரஸைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவர்கள், குடியரசுக் கட்சியின் தாமஸ் மாஸியும் எதிர்க்கட்சியில் நம் இந்திய வம்சாவளி ரோ கன்னாவும். டாஃப்ட் 1950-இல் கேட்ட அதே கேள்வி, 75 ஆண்டு கழித்து, அதே இடத்தில்.

நம் நாடு சொன்ன பதில்

2003-இல் இந்தக் கேள்வி தில்லிக்கும் வந்தது. அப்போது நடந்தது வாஜ்பாயி தலைமையிலான ஆட்சி. இடதுசாரி என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் இராக் மீதான தாக்குதலைக் குறித்துத் தீர்மானம் போட்டபோது, இந்தி வாசகத்தில் இருந்த சொல் 'நிந்தா'. நம் நிந்தனைதான். அடுத்து, இராக்கில் அமைதி காக்க ஒரு டிவிஷன், அதாவது ஏறத்தாழ 17,000 வீரர்களை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. அனுப்பலாம் என்ற கருத்து அரசுக்குள்ளேயும் இருந்தது. வல்லரசின் நட்பு கிடைக்கும், ஒப்பந்தங்கள் கிடைக்கும் என்ற பேச்சும் இருந்தது. ஜூலை 14 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று முடிவெடுத்தது.

அந்தப் படையில் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுப் பையன்கள் எத்தனை பேர் போயிருப்பார்கள், யார் திரும்பியிருப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டிய அவசியமே வரவில்லை. நடக்காத துக்கத்துக்கு யாரும் நினைவுத் தூண் எழுப்புவதில்லை. ஆகவே அந்த முடிவு பலருக்கு மறந்தே போயிற்று.

வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தது புறப்படுவதற்கு முன்னால் யோசிக்கத்தான். இந்த வரிசையில் வந்தவர்கள் கேட்டவை நான்கே கேள்விகள். அனுமதி கொடுத்தது யார்? செலவு யார் தலையில்? ஜெயித்த பின் அந்த ஊரை ஆளப்போவது யார்? இதனால் நம் வீட்டில் என்ன மாறும்? இந்த நான்கும் இடதுசாரிக்கும் சொந்தமல்ல, வலதுசாரிக்கும் சொந்தமல்ல. குடும்பக் கணக்கு எழுதும் எந்தத் தாயும் கேட்பவை.

எந்த நாட்டில் ஓட்டுரிமை இருந்தாலும், நம் பிள்ளைகள் இவற்றை முதல் வாரத்திலேயே கேட்கட்டும். கேட்கிறவனுக்கு அப்போது கைதட்டல் கிடைக்காது. பிற்பாடும் கிடைக்கும் என்று உறுதியில்லை, ஹோஸ்டெட்லரைக் கேட்டால் தெரியும். ஆனாலும் நான்காம் வருஷம் கேட்டால் பதில் சவப்பெட்டியில்தான் வருகிறது.